காலியாகக் கிடந்த கோல்

"யோவ் கோச்! உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார் லாரி மெக்கானிக்.

கத்தாமல் என்ன செய்வார்? பெண்கள் ஹாக்கி இறுதி ஆட்டம். கோச்சின் அணி ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கி நிற்கிறது. இரண்டு மூன்று நிமிஷம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுவிட்டார் கோச். அவளுக்குப் பதிலாக, கோல் அடிக்க இன்னொருத்தியை உள்ளே அனுப்பினார்.

கோல்கீப்பர், மெக்கானிக்கின் தங்கை. முழங்கால் போய், இன்றோடு ஆட்டத்தை விடுகிறாள்.

"கோலைத் திறந்து போட்டுட்டு எவனாவது ஆடுவானா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"தோத்தா இவரு வேலை போயிடும்னு பேச்சு. அதான் என் தங்கச்சியைப் பலி கொடுக்கறாரு!"

எதிரணிக்காரி பந்தைப் பறித்துக்கொண்டு பறந்தாள். எதிரே வெறும் கோல். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பாடா! கம்பத்துல பட்டுத் திரும்பிடுச்சுங்க!" என்று கத்தினார் பக்கத்தில் நின்றவர்.

அதே வேகத்தில் பந்து மறுபக்கம் போனது. கூடுதலாக வந்தவளைத் தடுக்க அங்கே ஆளில்லை. கோல்! இரண்டுக்கு இரண்டு.

"இப்பவாவது அவளை உள்ள அனுப்புய்யா!"

அனுப்பவில்லை. கோல் காலியாகவே கிடந்தது.

கடைசி விசிலுக்கு முன்னால் கோச்சின் அணிக்கே இன்னொரு கோல்! மூன்றுக்கு இரண்டு.

மைதானமே எழுந்து நின்றது.

"அடேங்கப்பா! என்ன துணிச்சல்யா இது!" மெக்கானிக் வாயைப் பிளந்தார். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. நேரே கோச்சிடம் போனார்.

"சார், ஜெயிச்சுட்டீங்க. கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா கடைசி மேட்ச்ல அவளை இப்படி அவமானப்படுத்தலாமா?"

"என் முடிவுங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

சொல்லிவிட்டு நகர்ந்தார் கோச்.

"பார்த்தியா திமிரை!" என்றார் மெக்கானிக்.

பக்கத்து பெஞ்சில் கால் பேடுகளைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் வாயை மூடறியா? என்னை வெளிய எடுங்கன்னு கடைசி இடைவேளையில அவர்கிட்ட கெஞ்சினதே நான்தான். நான் உள்ளேயே நின்னிருந்தா ஒரு கோல்ல கௌரவமாத் தோத்திருப்போம். அவ்வளவுதான்."

அண்ணன் கோச் போன திசையைத் திரும்பிப் பார்த்தார்.

"சரின்னு சொல்றதுக்கு முன்னாடி அவர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்ணே. 'தோத்துட்டா, இது உன் யோசனைன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதேம்மா. பழி என்னோட போகட்டும்.'"