மணம் பார்த்துக் கட்டிய மூட்டை

“கட்டி வச்ச மூட்டையை யாரு அவிழ்க்கச் சொன்னது?”

ஹிதாயா வாசலிலேயே நின்றுவிட்டாள். அலுவிகாரையில், வீட்டுக்குப் பின்னால் அவள் நடத்தும் கொட்டகை அது. தேநீருக்கான துளசியும் எலுமிச்சைப்புல்லும் அங்கே வெயில் படாமல் வலைத்தட்டுகளில் காயும். இரவெல்லாம் மழை, கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க அன்று வழக்கத்துக்கு முந்தி வந்திருந்தாள்.

நேற்று மாலை அவளே மணம் பார்த்து, காய்ந்துவிட்டதென்று கட்டச் சொன்ன மூட்டைகளில் மூன்று அவிழ்ந்து கிடந்தன. துளசி மறுபடியும் தட்டுகளில் பரப்பப்பட்டிருந்தது.

தட்டுக்கு முன்னால் அஞ்சலா. எல்கடுவையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கொட்டகையைத் திறப்பவள்.

“மழை நாள் ராத்தா. காம்பு இன்னும் ஒடியாம வளையுது. இன்னும் ஒரு நாள் காத்துல கிடந்தா...”

“நான் மணம் பார்த்த பிறகுமா? காய்ஞ்சதைத் திரும்பத் திரும்பக் காய வச்சா நிறமும் போகும், மணமும் போகும். பிறகு வைக்கோலைத்தான் விக்கணும். இல்லாட்டி, அவிழ்க்கிற சாக்கில ரெண்டு பிடி எல்கடுவைக்கும் போகுதா?”

அஞ்சலாவின் முகம் சுருங்கியது. “அப்படிச் சொல்லாதீங்க ராத்தா.”

கண்டியில் மூலிகைத் தேநீர் விற்கும் ஸக்கரியா, “ஹிதாயா மணம் பார்த்ததா? அப்படியே லொறியில ஏத்து” என்று பிரித்துப் பார்க்காமலே வாங்குபவர். அந்தப் பெயரில்தான் கொட்டகையே ஓடியது.

ஹிதாயா தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி, வேலைக்கு வந்திருந்த எல்லோரும் பார்க்க முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தாள்.

ஒன்றும் வரவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எந்த மணமும் அவளுக்கு வந்ததில்லை. அதைக் கணவர் நளீமிடம்கூட அவள் சொன்னதில்லை.

“கமகமங்குது! இதுக்கு என்ன குறை?”

பக்கத்துத் தட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஷிரானி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அஞ்சலா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

“குறை ஒண்ணுமில்ல ராத்தா. என் பிழைதான்.”

“பிழைன்னு தெரியுதுல்ல? இனி வேலைக்கு வர வேணாம்.”

அஞ்சலா ஈரக் குடையை உதறிக்கொண்டு படியிறங்கினாள். ஷிரானி மட்டும் பஸ் தரிப்பிடம் வரை கூடப் போய் வந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஸக்கரியா தொலைபேசியில் அழைத்தார்.

“என்ன தங்கச்சி இது? மூட்டையைப் பிரிச்ச பொடியன், ‘தேயிலைக்குத் துளசி கேட்டா, ஊறின சாக்கை அனுப்பியிருக்காங்க’ன்னு சிரிக்கிறான். பன்னிரண்டு மூட்டையும் பூஞ்சணம். திருப்பி அனுப்புறேன். இனி ஓடர் தர்றதை யோசிச்சுத்தான் சொல்லணும்.”

மறுநாள் மூட்டைகள் கொட்டகையில் வந்து இறங்கின. ஹிதாயா ஒன்றைப் பிரித்து, முகத்தை உள்ளே புதைத்துப் பார்த்தாள். வெறும் காற்று.

“ஷிரானி, வாடை அடிக்குதா?”

அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

“அடிக்குது ராத்தா. கட்டின அன்றைக்கே லேசா அடிச்சது.”

“பிறகு ஏன் அவிழ்த்துக் காய வைக்கல்ல?”

“அவிழ்த்ததுக்குத்தானே அஞ்சலாக்காவை நிப்பாட்டினீங்க?”

ஹிதாயா பிரித்த மூட்டையின் வாயை மறுபடியும் சுருட்டிப் பிடித்தாள்.

“ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே, ஷிரானி.”

ஷிரானி தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்களுக்கு மணம் தெரியல்லங்கிறது காய்ச்சல் வந்த வருஷமே எங்களுக்குத் தெரியும் ராத்தா. அதுக்குப் பிறகுதான் அஞ்சலாக்கா நீங்க வர முந்தியே மூட்டைகளை மணந்து பார்த்து, ஈரமிருந்தா அவிழ்த்துக் காய வச்சா. ‘வெளியில தெரிஞ்சா அவங்க தலை குனிஞ்சு போகும். அவங்களாச் சொல்ற வரைக்கும் நமக்கும் தெரியாது’ன்னு அஞ்சலாக்கா எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினா. நீங்க நிப்பாட்டின அன்றைக்கு, பஸ்ஸில ஏறும்போதும் அந்தச் சத்தியத்தைத்தான் ஞாபகப்படுத்திட்டுப் போனா.”