வாளி கேட்ட பாட்டு

எனக்கு முதலில் கெடுதல் செய்தது வாளிதான். நான் கிணற்று ராட்டினம். அச்சில் எண்ணெய் வற்றிப்போய், சுற்றும்போதெல்லாம் வலியில் கிறீச்சிட்டேன். வீட்டுக்கார மரகதம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"வேண்டாம்மா," என்றது வாளி. "அண்ணன் சந்தோஷத்துல பாடுறார். எண்ணெய் விட்டா பாட்டு நின்னுடும்."

அவள் திரும்பிப் போய்விட்டாள்.

"அவரையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றது கயிறு.

"அடுத்தவன் மனசு எனக்குப் பார்த்தாலே தெரியும். கேட்டுத்தான் தெரியணும்னா அது என்ன அறிவு?"

"வலிக்குதுடா, பாவி," என்று கத்தினேன்.

"பார்த்தியா, சரணத்துக்கு வந்துட்டார்," என்றது வாளி.

அதன்பிறகு நான் பேசுவதையே விட்டுவிட்டேன். உள்ளுக்குள் துரு ஏறியது. ஒரு நாள் காலை, வாளி தண்ணீரோடு மேலே வரும்போது அப்படியே இறுகி நின்றுவிட்டேன். மரகதம் இழுத்துப் பார்த்து அலுத்து, கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு அடுத்த வீட்டுக் குழாய்க்குப் போனாள்.

வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது. அதற்கும் கயிற்றிடம் ஒரு காரணம் சொன்னது: "அண்ணனுக்கு என்னைக் கீழே விட மனசு வரல."

இன்றும் அங்கேதான் தொங்குகிறது. "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று அது என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னும் பாக்கி நிற்கிறது.