நாக்குக்கு அடியில்

மரகதவல்லிக்கு அந்த வாயைப் பார்த்தாலே குமட்டும். காதில் கேட்கும் குரல்களுக்கு ஒன்று, குடியை மறக்க ஒன்று என்று தம்பி தனபாலுக்குத் தினமும் காலையில் இரண்டு மாத்திரைகள். விழுங்கிவிட்டு வாயைப் பிளந்து நாக்கைத் தூக்குவான். ஒளித்துவைத்துப் பிறகு துப்புகிறவன் என்பதால் நாக்குக்கு அடியில் அவள் விரல் விட்டுத் துழாவுவாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த எச்சில் வாடை விரலை விட்டுப் போகாது.

இன்று அவனுக்குப் பெண் பார்க்க இருவரும் பெண் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வியாதியைப் பற்றி மூச்சுவிடவில்லை. “தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாதுங்க” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண் கொடுத்த கேசரியில் ஒரு வாய் விழுங்கிய தனபால் அவள் பக்கம் திரும்பினான். வாயைப் பிளந்து நாக்கைத் தூக்கினான்.

“முழுங்கிட்டேன்க்கா, பாரு.”

அவள் கூசுவதற்குள் விரல் தானாக உள்ளே போய்விட்டிருந்தது. நெய்யும் எச்சிலுமாக ஒரு முந்திரித் துண்டோடு வெளியே வந்தது. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் பட்டுப்புடவையில் விழித்துக்கொண்டு நின்றாள்.

பெண்தான் அவளைக் கொல்லைக் குழாய்க்கு அழைத்துப் போனாள். சோப்பை நீட்டிவிட்டுத் தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே இந்த விரலாக்கா?”