உள்தாழ்ப்பாள்

அந்தக் காப்பகத்து அறைகளுக்கு வெளிப்பக்கம் மட்டுமே தாழ்ப்பாள் இருந்தது. புதிதாக வந்த சமூகப் பணியாளர் எஸ்தர், ஆள் வைத்து அதைக் கழற்றி உள்பக்கம் மாட்டினாள். "இனிமே இது உங்க ரூம்க்கா. நீங்க திறந்தாத்தான் யாரும் உள்ள வரணும்" என்று, பல வருடங்களாக அங்கே இருக்கும் தெய்வானையிடம் சொல்லிவிட்டுப் போனாள். தெய்வானை தாழிட்டுக்கொண்டு கட்டில் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். மதியம் கதவு தட்டப்பட்டது.

"அக்கா, நான்தான் எஸ்தர். உள்ள வரலாமா?"

தெய்வானை கதவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடங்களாக முதலில் கதவு திறக்கும், பிறகு அதட்டல் வரும், அதற்குப் பின்னால் கை வரும். வரலாமா என்று யாரும் கேட்டதே இல்லை. கதவின் அடி இடுக்கில் இரண்டு கால்களின் நிழல் அசையாமல் நின்றது. அவள் சொல்லப்போகும் பதிலுக்காக நின்றது.

"வேணாம்" என்றாள். சொன்ன வேகத்தில் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"சரிக்கா, அப்புறம் வரேன்."

நிழல் விலகியது. அடி விழவில்லை. வெகுநேரம் கழித்தும் தலையிலிருந்து கையை எடுக்காமல், தாழ்ப்பாளையே பார்த்தபடி, யாருக்கும் கேட்காத குரலில் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"வேணாம்."