அழுத பிள்ளைக்கு அர்த்தம்

திற்பரப்புப் பக்கம் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு யாரும் பாட்டுக்காக வருவதில்லை. சொப்பனத்துக்கு அர்த்தம் கேட்கத்தான் வருகிறார்கள்.

அதிலும் பச்சப்பிள்ளை சொப்பனம் என்றால் ஜெபம் நடத்தும் பிரதர் செல்வதாஸுக்கு அர்த்தம் மனப்பாடம். பிள்ளை சிரிச்சா விசா வரும். தவழ்ந்தா பட்டா கிடைக்கும். இரட்டைப் பிள்ளை என்றால் மாடிக்கு மேல் மாடி.

சொப்பனத்தைச் சீட்டில் எழுதித் தட்டில் போட வேண்டும். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார்.

அன்றைக்கு ஜெபம் பூங்கனி வீட்டில். மூன்றாவது சீட்டை எடுத்தார்.

"சொப்பனத்துல ஒரு பச்சப்பிள்ளை நிறுத்தாம அழுதுது."

பூங்கனியின் மருமகள் அஜிஷாவின் கையெழுத்து. அவள் சண்டே ஸ்கூல் டீச்சர். எழுத்து ஊருக்கே தெரியும். கல்யாணமாகி மூன்று வருஷம், மடியில் பிள்ளை இல்லை என்பதும் ஊருக்கே தெரியும். புருஷன் பெனிஷ் மஸ்கட்டிலிருந்து வந்து மொத்தமே நாற்பது நாள்தான் வீட்டில் இருந்தான் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது.

செல்வதாஸ் கண்ணை மூடினார். திறந்தபோது பார்வை நேராக அஜிஷா மேல் இருந்தது.

"பிள்ளை ஏன் அழுது? பாவத்தைக் கண்டு அழுது! இந்தச் சொப்பனம் கண்டவளுக்குள்ள மறைச்ச பாவம் ஒண்ணு இருக்கு. அவ இருக்குற வீட்டில தொட்டில் ஆடாது."

பூங்கனியின் முகம் ஒரு நொடி செத்துப் போனது. மறு நொடி மருமகள் மேல் பாய்ந்தாள்.

"கேட்டியாட்டி? எனக்க மவனுக்கு வேற பெண்ணு பாக்கணும். இப்பமே பெட்டியைக் கட்டு. ஒனக்க வீட்டுக்குப் போ!"

பெண்கள் 'உச்' கொட்டினார்கள். ஒருத்தி நன்றாகப் பார்க்க நகர்ந்து உட்கார்ந்தாள்.

அஜிஷா அழவில்லை.

"பிரதர், சீட்டைத் திருப்புங்க. பின்னால பேரு இருக்கு."

திருப்பினார். சட்டென்று மடிக்கப் பார்த்தார். பக்கத்திலிருந்த பெண் எட்டிப் பார்த்து வாசித்துவிட்டாள். "பூங்கனி."

"மாமிக்க கண்ணாடி உடைஞ்சு போச்சு. காலையில அவிய கண்ட சொப்பனத்தச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்" என்றாள் அஜிஷா. "மாமி, பெட்டிய நீங்களே கட்டுவியளா, நான் கட்டித் தரட்டா?"

செல்வதாஸ் அவசரமாக மறுபடி கண்ணை மூடினார்.

"பெரியவிய கண்டா அர்த்தம் வேறயாக்கும். பிள்ளை ஏன் அழுது? தொட்டில் கேட்டு அழுது! அடுத்த வருஷம் இந்த வீட்டில பேரப்பிள்ளை!"

"ஆமென்!"

கூட்டத்திலேயே பெரிய சத்தம் பூங்கனியுடையது.