கொக்கியில் இடமில்லை

ராக்கெட்டின் அடிப்பாகம் பாராசூட்டில் இறங்கி வரும்போதே ஹெலிகாப்டரின் கொக்கியில் மாட்டித் தூக்குவதுதான் செலஸ்டினின் வேலை. அன்றைக்கும் ஒரே வீச்சில் மாட்டிவிட்டாள். குனிந்து பார்த்தபோது கீழே கடலில் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பற்றிக்கொண்டு ஒருவன் கையை ஆட்டினான். வள்ளத்தின் மஞ்சள் அடிப்பக்கத்தைக் கண்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது தம்பி கஸ்பாருடையது.

"சார், கீழ என் தம்பி கிடக்கான். இத அறுத்துவிட்டுட்டுக் கயித்த இறக்குவோம்!"

"விட்டா நாளைலேருந்து நீயும் நானும் வீட்லதாம்மா உக்காரணும். கரைக்குச் சொல்லிட்டேன், படகு வந்துரும்" என்றார் பைலட்.

அறுத்துவிடும் பிடி அவள் கையருகேதான் இருந்தது. படகு வந்துவிடும் என்று அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கஸ்பார் கையை ஆட்டியபடியே சிறுத்துப் போனான்.

ராக்கெட் பாகத்தைக் கரையில் ஒரு கீறல் இல்லாமல் மெத்தைமேல் இறக்கினார்கள். படகு போய்ச் சேர்ந்தபோது வள்ளம் மட்டும்தான் மிதந்தது.

சாயங்காலம் கஸ்பாரின் மனைவி செலஸ்டினின் மடியில் விழுந்து கதறினாள்.

"ராக்கெட் விடுற நாளு, கடலுக்குப் போவாதீயன்னு தடுத்தேன் மைனி. 'மேல எங்க அக்கா இருக்கா, நீ பயப்படாத'ன்னு சொல்லிட்டுப் போனாவ."