துரை மெச்சிய இங்கிலீஷ்

உத்திராபதி எழுதும் இங்கிலீஷைக் கடலூர் ஆபீசில் வெள்ளைக்காரத் துரையே மெச்சுவார். அவர் கடிதத்தில் ஒரு திருத்தம்கூட விழுந்ததில்லை.

அன்று சாயங்கால ரயிலில் சிதம்பரம் திரும்பியவர், நேரே அடுப்படிக்குப் போய் மனைவி விருத்தாம்பாளிடம் ஒரு தாளை நீட்டினார்.

“இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாரு.”

கல்யாணத்துக்கு முன்பே எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் அவள். பதினைந்து வருஷமாக அவர் கடிதமெல்லாம் அவள் கைபட்டுத்தான் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“இங்க ‘ஸ்கூலு’க்கு முன்னால ‘தி’ வராதுங்க. கட்டடத்தைச் சொன்னாத்தான் வரும், படிப்பைச் சொன்னா வராது” என்று பென்சிலால் அடித்தாள். “ஏழாவதோட பொண்ணை நிறுத்துறேன்னு இருக்கு. பேரு போடலியே, யாருக்கு எழுதித் தர்றீங்க?”

“பேரை நல்ல காப்பியில எழுதிக்கிறேன். நம்ம அமிர்தம்தான்.”

பென்சில் நின்றது.

“அவ நல்லா படிக்கிறாளேங்க...”

“பொட்டப்புள்ளைக்கு இங்கிலீஷ் எதுக்கு? வேற தப்பு ஏதாவது இருக்கா, அதைப் பாரு.”

விருத்தாம்பாள் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இங்கிலீஷ்ல இல்லீங்க.”